எதுல பாதி?

"பாதி முடிச்சிட்டேன்" என்று யாரோ போகிற போக்கில் சொல்கிறார்கள். அக்காவின் நாற்காலி சுழல்கிறது. "எதுல பாதி?" பதில் வரும்வரை விடமாட்டார். தொலைபேசியில் கணவர் "கொஞ்ச நேரத்துல வந்துடறேன்" என்றாலும் அதே கதிதான். "கொஞ்சம்னா எத்தனை நிமிஷம்? எங்கேருந்து?" அந்த மனிதர் பாவம், இப்போதெல்லாம் எந்த நிறுத்தத்தில் நிற்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

அலுவலகத்தில் அவர் 'அகராதி அக்கா'. செயற்கைக்கோள்கள் அனுப்பும் பருவநிலை அளவுகளுக்குப் பெயரும் வரையறையும் எழுதுவது வேலை, அதனால் அகராதி. குணமும் கொஞ்சம் அப்படித்தான். ஒரு பாதுகாப்புக்காக 'அக்கா'வைச் சேர்த்துக்கொண்டோம்.

அடுத்த மேசை என்னுடையது. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டால் வரையறை படிக்கிறார் என்று அர்த்தம். அப்போது கூப்பிட்டால் வள்ளென்று விழுவார். 'எல்லோருக்கும் தெரிந்ததே' என்று யார் எழுதினாலும் சிவப்பு மையால் அடிப்பார்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, பிரிவுத் தலைவர் ஒரு வரைபடத்தோடு வந்தார். ஒரு பனிப்பரப்பின் பிரகாசம் இருபது ஆண்டுகளாக மெல்ல இறங்கி, புதிய செயற்கைக்கோள் வந்த வருடம் தொபுக்கடீரென்று விழுந்திருந்தது. பனி உருகுவது திடீரென்று வேகமெடுத்துவிட்டது என்று வெள்ளிக்கிழமை உலகத்துக்கே அறிவிக்கப் போகிறாராம். அக்கா செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் காலை தலைவரின் அறையில் நின்றார். நானும் கூடப் போனேன்.

"பேரு ஒண்ணு, ஆளு ரெண்டு சார்."

பழைய, புதிய செயற்கைக்கோள்களின் கோப்புகள் இரண்டிலும் அந்தப் பிரகாசத்துக்கு 'பிரதிபலிப்பு விகிதம்' என்றுதான் பெயர் இருந்தது. சாய்ந்த வெயில் தரையில் குறைவாகவே விழும். விழுவதே குறைவென்றால் திரும்புவதும் குறையும். பழைய செயற்கைக்கோளின் குழு, திரும்பும் ஒளியை அந்தச் சாய்வில் விழும் வெயிலின் அளவால் வகுத்துச் சரிசெய்திருந்தது. புதிய குழு வகுக்கவில்லை. வகுக்க வேண்டுமா என்று வரையறை வாயே திறக்கவில்லை.

"எந்தப் புண்ணியவான் எழுதின வரையறை இது?"

"நான்தான் சார். ஒம்பது வருஷம் முன்னாடி. எல்லாருக்கும் தெரியும்னு அந்த ஒரு வரிய விட்டுட்டேன்."

தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இப்பப் போய் மாத்தினா உங்க மானம்தாம்மா போகும். அறிக்கை போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"பொய்யா ஒரு தடவ கத்திட்டா, நெஜமாக் கத்தறப்ப எவன் சார் திரும்பிப் பாப்பான்? என் மானம்தானே, போகட்டும்."

இந்தப் பெயர்களை ஏற்று முடிவுசெய்யும் பல நாட்டுக் குழுவை அக்கா அன்றே திரையில் கூட்டினார். வகுத்ததற்கு ஒரு பெயர், வகுக்காததற்கு வேறு பெயர், ஒவ்வொன்றுக்கும் சாய்வைப் பற்றி ஒரு வரி. "இதெல்லாமா சொல்லணும்?" என்று ஒருவர் சிரித்தார். "நானும் அப்படி நெனச்சுத்தாங்க குப்புற விழுந்தேன்" என்றார் அக்கா. வியாழக்கிழமை ஒருவர்கூட மறுக்காமல் தீர்மானம் நிறைவேறியது.

புதிய செயற்கைக்கோளின் கணக்கையும் வகுத்துப் போட்டதும் விழுந்த கோடு எழுந்து பழைய கோட்டோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. இருபது ஆண்டுகளின் மெல்லிய இறக்கம் மட்டும் மிஞ்சியது. அதுதான் உண்மை, இனி அதை எந்தக் கொம்பனும் அசைக்க முடியாது. முதலில் கைதட்டியவர் தலைவர். நான் விசிலே அடித்துவிட்டேன்.

திருத்தப் படிவம் கையெழுத்துக்கு வந்தது. 'பிழையைக் கண்டறிந்தவர்' என்ற கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதியிருந்தார்கள். படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். என்னிடம் அடிக்கோல் வாங்கி, கீழே இன்னொரு கட்டம் போட்டு, 'பிழையைச் செய்தவர்' என்று தலைப்பிட்டு, அதே பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதினார்.