முறத்துக்கு முன்னால் எரியும் பல்பு

என் மனைவி சரோஜா போன ஐப்பசியில் இறந்துபோனாள். கருங்குழியில் எங்கள் வீட்டுக்கு அவள் தேர்ந்தெடுத்த ஒரே பல்பு இன்னும் எரிகிறது.

சொந்த நெல்லை ரோட்டோரம் காயவைத்து அரைக்கிற வீடு எங்களுடையது. அரிசியில் கல் கிடக்கும். அதைப் புடைத்துப் பொறுக்குவது சரோஜாவின் வேலை; வேறு யாரையும் முறத்தைத் தொட விடமாட்டாள். ஒருநாள் சாப்பிடும்போது மகன் சரவணகுமாருக்கு நறுக்கென்று கல் கடிபட்டது. மறுவாரமும் அப்படியே. மருமகள் ஹரிப்ரியா மறுநாள் முதல் முறத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். அத்தைக்குக் கண் மங்கிவிட்டது என்ற கரிசனம்தான். சரோஜாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"என் கண்ணு நல்லாத்தான் கீது. லைட்டுதான் சரியில்ல," என்றாள்.

சரவணகுமார் சமையலறைக் கதவுக்கு மேலே இருந்த டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு, பெரிய எல்.இ.டி. ஒன்றை மாட்டினான். அறை பளீரென்றது. அப்போதும் அவளுக்குக் கல் தெரியவில்லை.

மூன்றாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு தர்மராஜின் எலக்ட்ரிக் கடைக்குப் போனாள். முந்தானையில் முடிந்திருந்த அரிசியைக் கல்லோடு கல்லாப்பெட்டி மேல் கொட்டினாள்.

"இன்னாக்கா, பல்பு வாங்க வந்தியா, சோறாக்க வந்தியா?"

"நீ லைட்டப் போடு தம்பி, அப்பறம் பேசு."

அவன் அவள் தலைக்குப் பின்னால் தொங்கிய பெரிய விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அலுத்துப்போய், கல்லாப்பெட்டி மேலிருந்த டெஸ்ட் போர்டில் ஐந்து வாட்ஸ் பல்பு ஒன்றைச் செருகினான். சரோஜா குனிந்தாள். சட்டென்று ஒரு கல்லை எடுத்தாள், அடுத்து இன்னொன்று.

"இதக் குடு."

"அக்கா, அது சாமி ரூமுக்குப் போடறது!"

"பெருசு முதுகுக்குப் பின்னாடி எரிஞ்சா என் நெழலுதான மொறத்துல வுழும்? இது எதிர எரியுது. கல்லு தனியா தெரியுது பாரு."

சமைப்பவள் முதுகுப் பக்கம், கதவுக்கு மேலேதான் விளக்கு என்று வீடு கட்டும்போது கொத்தனாரிடம் சொன்னவன் நான். இத்தனை வருடம் அவள் தன் நிழலிலேயே சமைத்திருக்கிறாள். சுவரில் மாட்டும் ஹோல்டர் ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை அடுப்பை ஒட்டி, அவளுக்கு எதிர்ச் சுவரில், அவள் காட்டிய உயரத்தில், பல்பு ஏறியது. ஹரிப்ரியா புடைத்து வைத்திருந்த அரிசியைச் சரோஜா மறுபடி முறத்தில் போட்டுப் பார்த்து, பொறுக்கிய கல்லைச் சின்ன மூடியில் வைத்து மருமகள் பக்கம் நகர்த்தினாள்.

"உனக்கும் கண்ணு டெஸ்டு பண்ணலாமா?"

ஹரிப்ரியா சிரித்துவிட்டாள். "மொறத்த நீங்களே வெச்சிக்குங்க அத்த."

கடைசி மாதம்வரை அது சரோஜாவிடமே இருந்தது. இப்போது முறம் ஹரிப்ரியாவிடம். புடைக்க உட்காரும்போது அவள் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் இருக்கும் சின்ன பல்பை மட்டும் போட்டுக்கொள்கிறாள்.