ஓரத்தில் ஒரு கை

என் அக்கா வீட்டுக்காரர் பொறாமைப்பட ஆள் பார்க்கமாட்டார். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவரின் கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று அக்கா ஒருமுறை சொல்லிவிட்டாள். அதன்பிறகு அவர் வரும் நாளெல்லாம் மாமா லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றார். வலிக்காமல் பல் பிடுங்கினார் என்று ஒரு டாக்டரைப் பாராட்டினாள். அடுத்த பல்லுக்கு டாக்டர் மாறிவிட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆன மனிதர் இவர்.

மாமாவும் நானும் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறோம். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எடிட் செய்கிறவர். அதிலும் அசையாத போட்டோக்களை வைத்து வீடியோ பண்ணுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிறந்தநாள், பணி ஓய்வு, இறந்தவர் நினைவு என்று பழைய போட்டோக்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பார்வை எங்கே தொடங்க வேண்டும், எங்கே போய் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு போட்டோவிலும் இரண்டு குறி வைப்பார். நடுவில் உள்ள தூரத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கூட்டத்தில் தொடங்கி, ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசி வரிசையில் நிற்கும் ஒரு முகத்தில் போய் நிற்பார். பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இதற்கென்று அவரிடம் சட்டதிட்டங்கள் உண்டு. கை கால் மூட்டில் படத்தை வெட்டாதே. தலைக்கு மேல் இடம் விடு. ஒரு ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விடு, இல்லாவிட்டால் சுவரைப் பார்ப்பது போல இருக்கும். ரொம்பக் கிட்டே போகாதே, முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். இதில் ஒன்றைத் தப்பாகச் செய்தாலும் எனக்கு அர்ச்சனைதான்.

அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேப்பில் இருக்கிறாள். அதன் தலைவரை எல்லோரும் லேப் சார் என்பார்கள். நெட்டையான ஆள், வாய் நிறையச் சிரிப்பு. "எங்க சார் இப்படிச் சொன்னாரு, எங்க சார் அப்படிச் சொன்னாரு" என்று அக்கா வீட்டில் சொல்லும்போதெல்லாம் மாமாவின் தட்டில் சோறு அப்படியே இருக்கும். வயிறு வேறு எதனாலோ நிறைந்துவிடும். நாளடைவில் அக்கா வீட்டில் லேப் பேச்சையே விட்டுவிட்டாள். பிறகு மற்றப் பேச்சும் குறைந்துபோனது. சின்ன வயதில் இவள் வாயைத் திறந்தால் எங்கள் வீடே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அதை நினைத்தால் எனக்கு மாமா மேல் ஆத்திரமாக வரும்.

லேப் சாருக்குப் பணி ஓய்வு வந்தது. லேப்பில் உள்ளவர்கள் இத்தனை வருஷமும் எடுத்த போட்டோக்களை ஒரு பென் டிரைவில் போட்டு, அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் அதை மாமாவின் மேஜையில் வைத்தாள்.

"சாருக்குப் பண்றதுதான். ஆனா நானும் அந்த லேப்லதாங்க இத்தனை வருஷம் இருந்திருக்கேன். வேற எங்க என் போட்டோ இருக்கு? எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுங்க."

"பண்ணிடலாம், பண்ணிடலாம்" என்றார் மாமா.

அந்த வாரம் முழுக்க நான் திரையை எட்டிப் பார்த்தால் மாமா சட்டென்று படத்தைச் சுருக்கி மறைத்துவிடுவார். முகம் கடுகடுவென்று இருந்தது. "என்ன மாமா, எவ்ளோ ஆயிருக்கு?" என்று கேட்டால், "ரிட்டயர் ஆகறது சாரா, வேற யாராவதா? அப்ப சார்தானே தெரியணும்" என்றார். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று.

விழா ஆஸ்பத்திரிக் கூட்ட அரங்கில் நடந்தது. என் கேமரா மூலையில். மாமா லேப்டாப்போடு ஓரமாக. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் பண்ணினது, பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடியோ ஓடியது. லேப் சார் மைக்ராஸ்கோப்புடன். லேப் சார் கேக் வெட்டுகிறார். லேப் சார் ஆஸ்பத்திரி வாசலில். எல்லாவற்றிலும் அவர் மட்டும்தான், அதுவும் கன்னத்தை முட்டும் அளவுக்குக் கிட்டத்தில், மூக்கெல்லாம் கட்டம் கட்டமாக. படத்துக்குப் படம் அவர் இடது பக்கம் திரும்பி விழுந்து விழுந்து சிரிக்கிறார். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. படம் அங்கே முடிந்துபோகிறது. இடம் விடு, இடம் விடு என்று என் உயிரை எடுத்தவர் ஒரு விரல் அகலம்கூட விட்டிருக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ் கேட்டாள்: "சார் யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கறாரு?"

"வேற யாரு? நம்ம அக்காவைப் பார்த்துதான்!" என்றாள் ரிசப்ஷன் பெண்.

அரங்கம் அதிர்ந்தது. அடுத்த படத்தில், ஓரத்தில், முழங்கை மூட்டில் வெட்டுப்பட்ட ஒரு கை அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டில் ஆம்பிளைகள் கட்டும் பெரிய டயல் வாட்ச். சாம்பிள்களுக்கு நேரம் பார்க்க அக்கா கட்டிக்கொள்வது.

"அக்கா கை! அக்கா கை!" என்று கத்தினார்கள். அதற்குப்பின் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒரு படத்தில் தோள், ஒன்றில் பின்னல் நுனி, ஒன்றில் புடவை ஓரம். யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி. எந்த ஆளை அந்த நெட்டை மனிதருக்குப் பக்கத்திலிருந்து ஒழித்துக்கட்ட மாமா ஒரு வாரம் மெனக்கெட்டாரோ, அவளை மட்டும்தான் அரங்கமே தேடிக்கொண்டிருந்தது. மாமா முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா முதலில் எல்லோருடனும் சேர்ந்து சிரித்தாள். கை தெரிந்தது, தோள் தெரிந்தது, இனி முகம் வரும் என்று காத்திருந்தாள் போல. வீடியோ முடிந்து விளக்கு போட்டார்கள். அவள் முகம் ஒரு இடத்திலும் வரவில்லை. கைதட்டும்போது அவள் கை மட்டும் மடியில் கிடந்தது. கேமராவை அங்கிருந்து திருப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஒரு ஸ்டூலை இழுத்து மாமாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"திறங்க."

"எதை?"

"நீங்க வெட்டினதை. தம்பி சொன்னான், வெட்டினாலும் முழுப் படம் உள்ளேயே இருக்குமாம்."

மாமா என்னை எரிப்பது போலப் பார்த்தார். பிறகு முதல் படத்தைத் திறந்து, கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இடது பக்கம் இழுத்தார். படம் விரிந்தது. அக்கா வந்தாள். இன்னொன்றை விரித்தார். அதிலும் வந்தாள். நாலைந்து படம் போனதும் மாமாவின் கை மௌஸ் மேல் அப்படியே நின்றுவிட்டது.

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அக்கா எந்தப் படத்திலும் லேப் சாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் சிரிக்கவே இல்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஏதோ சொல்கிறாள். சிரிப்பது மற்றவர்கள். லேப் சார், ரிசப்ஷன் பெண், நர்ஸ், கதவோரம் வாட்ச்மேன், எல்லோரும் அவளைப் பார்த்துத்தான். மாமா ஒரு ஆளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தார். இப்போது லேப் முழுவதும் வரிசையில் நின்றது.

அந்தரத்தில் கை தெரிந்த படத்தைக் காட்டி, "இதுல என்ன சொன்னே?" என்றார்.

"இதுவா? புது மெஷின் வந்த அன்னிக்கு. பெரிய டாக்டர் வந்து பட்டனை அழுத்தினாரு. ரெண்டு நிமிஷம் ஓடிட்டு நின்னுபோச்சு. என்னாச்சுன்னு கேட்டாரு. ஒண்ணுமில்ல டாக்டர், டீ குடிக்கப் போயிருக்கு, அரசாங்க வேலைன்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சுன்னேன்."

நான் வெடித்துச் சிரித்தேன். சொன்னது பாதி, சொன்னபோது அவள் வைத்துக்கொண்ட முகம் பாதி. இந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது!

மாமா சிரிக்கவில்லை. "மெஷின் எப்படிம்மா டீ குடிக்கும்?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மாமா திரும்பிப் படத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு, சிரித்துக் கண்ணில் நீர் கட்டியிருந்த என்னையும் பார்த்தார். மீட்டர்காரர் வரும் நாளில் வாசலில் நிற்கும் அதே முகம்.

"அந்த வாட்ச்மேனுக்குக்கூடப் புரிஞ்சிருக்கே" என்றார்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. கதவை அவள் தொட்டபோது மாமா கூப்பிட்டார்.

"ஏம்மா, அதை இன்னொரு தடவை சொல்லேன்."

"முதல்ல எல்லாப் படத்தையும் அகலமாக்குங்க" என்றாள் அக்கா. "அப்புறம் சொல்றேன்."

அன்று மாமா டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.