சேர்ந்தது என்று எப்போது போடலாம்?

"வண்டி எங்கே?" என்ற கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்வதுதான் டெஸ்பாட்ச் வேலை, வண்டியை ஓட்டுகிறவரிடம்கூட யாரும் அதை இத்தனை தடவை கேட்க மாட்டார்கள். ஒரு காதில் கஸ்டமரையும் இன்னொரு காதில் டிரைவரையும் வைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. நாம் பட்டது ஒன்றுதான், கம்பெனிதான் வேறு.

நான் மஸ்கட்டில் ஒரு கிடங்கில் பல வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு ஓசூருக்குத் திரும்பியவன். தொழிற்பேட்டையில் ரப்பர் பீடிங் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. பஸ் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை ஓடுமே, அதுதான் பீடிங். பள்ளிப் படிப்பில் பாதியைத் தமிழிலும் மீதியை இங்கிலீஷிலும் முடித்தவன் என்பது எம்.டி.க்குப் பிடித்திருந்தது. "கஸ்டமருக்கு இங்கிலீஷ்ல மெயில், டிரைவருக்குத் தமிழ்ல திட்டு. ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சா நல்லதுதானே" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்.

மஞ்சளா இருக்கு

எங்கள் சரக்கில் பெரும்பங்கு பெங்களூருக்கு அந்தப் பக்கம் பஸ் கட்டும் ஒரு கம்பெனிக்குப் போனது. ரெண்டாம் ஷிப்ட் ஓடியதே அவர்களுக்காகத்தான். ஒரு நாள் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. சரக்குக் கொடுக்கிற எல்லோரும் இனிமேல் இன்டர்நெட்டில் ஓடும் ஒரு சாஃப்ட்வேரில் ஆர்டரின் நிலவரத்தைப் போட வேண்டும். அதை அவர்கள் தங்கள் இடத்திலிருந்தே பார்ப்பார்கள். அந்தத் திரையை வைத்துத்தான் அடுத்த வருஷத்து ஆர்டர் யாருக்கு என்று முடிவு செய்வார்கள். எம்.டி. எங்களை உட்காரவைத்துச் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன்: திரை கெட்டால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் ரெண்டாம் ஷிப்ட் போகும்.

பெங்களூரிலிருந்து ஒரு பையன் வந்து சொல்லிக்கொடுத்தான். நேரத்துக்குச் சேர்ந்தால் பச்சை. வழியில் இருந்தால் மஞ்சள். சொன்ன நேரம் தாண்டினால் சிவப்பு. இனி கஸ்டமர் போன் பண்ணவே மாட்டார், எல்லாம் அவர் கண்ணெதிரே தெரியும் என்று அவன் சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மறுநாள் காலையில் முதல் லோடு கிளம்பியது. பில்லை நானே தட்டினேன், மஞ்சள் வந்தது. டீயைக் கையில் எடுத்தேன். போன் அடித்தது. கஸ்டமர் கம்பெனியில் எங்கள் சரக்கைப் பார்த்துக்கொள்ளும் ஷைலஜா மேடம்.

"சார், ஸ்க்ரீன்ல பார்த்தேன், மஞ்சளா இருக்கு. அதான் வண்டி எங்கேன்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்."

அத்திப்பள்ளிக்கு அப்பால்

வண்டி எங்கே இருக்கிறது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தால்தான் அதற்குத் தெரியும். டிரைவர் சொன்னால்தான் எனக்குத் தெரியும். எங்கள் டிரைவர் கிருஷ்ணப்பா உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, கிளீனரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்று பாஷையிலும் அவர் போன், அத்திப்பள்ளி செக்போஸ்ட் வந்தால் வாயை மூடிக்கொள்ளும்.

அந்த நாட்கள் நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு சிம். நான்கு டயரும் அந்தப் பக்கம் உருண்டால் ரோமிங். நமக்கு வருகிற போனுக்கும் நாமே காசு அழ வேண்டும். ஓசூர் டிரைவர்கள் அத்தனை பேரும் கோட்டைத் தாண்டும்போது ஹெட்லைட்டை அணைக்கிற மாதிரி போனை அணைத்தார்கள். கர்நாடகாவுக்குள் எங்கள் லாரி போனபிறகு அது எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும், அவருக்கும் லாகின் கிடையாது. ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கிருஷ்ணப்பாவிடம் கத்தினேன். அவர் சாந்தமாகக் காஜா பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

"நான் எங்க இருக்கறேன்னு உங்களுக்குத் தெரியணும், அதுக்கு என் பாக்கெட்ல இருந்து போகணும். இது இன்னா நியாயம்ண்ணா?"

மறுவாரம் கம்பெனியில் பேசி அவருக்கு ஒரு பெங்களூர் சிம் வாங்கிக் கொடுத்தேன். கஸ்டமர் கேட்டிலிருந்து தவறாமல் பேசினார். அதனால் என்ன ஆனது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

அஞ்செட்டி கஸ்டமர்

பெரிய கஸ்டமருக்கு வந்த சாஃப்ட்வேரை சின்ன கஸ்டமருக்கும் கொடுத்தால் நமக்குக் கௌரவம் என்று எம்.டி. நினைத்தார். அஞ்செட்டிப் பக்கம் ஒரே ஒரு மினி பஸ் ஓட்டுகிற ஒருவர், முன் கண்ணாடிக்கு ஒரு கட்டு பீடிங் கேட்டிருந்தார். அவருக்கும் ஒரு லாகின், ஒரு பாஸ்வேர்டு. போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்க போன் பேசறதுக்கே மேட்டுக்கு ஏறி வரணும் சார், இத எங்க போய்ப் பாக்கறது?" என்றார். ஓசூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் பிரௌசிங் சென்டர் இருக்கிறது என்று சொன்னேன். இப்போது யோசித்தால் அதற்கே அவர் என்னை அடித்திருக்கலாம்.

அவர் உண்மையிலேயே வந்தார். வனத்துக்குள் வரும் ரெண்டு மூன்று பஸ்ஸில் ஒன்றைப் பிடித்து, ஓசூரில் இறங்கி, பிரௌசிங் சென்டரில் ஒரு பெண்ணைக் கெஞ்சித் திறக்கவைத்துப் பார்த்திருக்கிறார். 'கிளம்பியது' என்று இருந்திருக்கிறது. சந்தோஷமாக ஊருக்குத் திரும்பியிருக்கிறார். சரக்கு வரவில்லை. மறுபடி வந்தார். மறுபடி 'கிளம்பியது'. மூன்றாவது தடவை நேரே ஆபீசுக்கே வந்துவிட்டார்.

சங்கதி என்னவென்றால், பில் போட்ட நிமிஷமே அந்த சாஃப்ட்வேர் தானாகக் 'கிளம்பியது' என்று காட்டிவிடும். அந்தப் பக்கம் போகிற லோடு கிடைக்காமல் ஒரு கட்டு பீடிங் ஆபீசிலேயே கிடந்தது. நான் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, "பாருங்க, கிளம்பிடுச்சு" என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து என் மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அதுல என் பேரு எழுதியிருக்குது. கிளம்பனது உங்க காலுக்குக் கீழயே படுத்துங்கெடக்குது பாருங்க."

சீல்

இப்போது பெங்களூர் சிம் கதைக்கு வருகிறேன்.

கிருஷ்ணப்பா காலையில் போவார். மத்தியானத்துக்குள் கஸ்டமர் கேட்டில் சரக்கு இறங்கிவிடும். "எறக்கிட்டாங்கண்ணா, சீல் போட்டாங்கண்ணா" என்று போன் வரும். நான் 'சேர்ந்தது' என்று தட்டினால் பச்சை. ஆனால் தட்டக்கூடாது. எங்கள் அக்கவுன்ட்ஸ் மேனேஜர் ராகவன் சாரின் சட்டம் அது: சரக்கோடு போகிற சலானில் கஸ்டமர் சீல் குத்தி, அது கையில் வராமல் எந்தச் சரக்கும் சேர்ந்ததாகக் கணக்கில்லை. முன்னொரு காலத்தில் யாரோ வாங்கிக்கொண்டு, வாங்கவே இல்லை என்று சாதித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அவர் சாமியை நம்புவதைவிட சீலை நம்பினார்.

சலான் எப்போது வரும்? வண்டி வரும்போது. வண்டி எப்போது வரும்? வெறும் வண்டியாகத் திரும்பினால் கட்டுப்படியாகாது என்று கிருஷ்ணப்பா பெங்களூரில் காத்திருந்து ஏதாவது ரிட்டர்ன் லோடு பிடித்து வருவார். அவர் வந்து சேர்கிற நேரத்துக்கு எங்களுக்குக் கரண்ட் போயிருக்கும். ஜெனரேட்டர் மிஷினுக்கு மட்டும்தான், ஆபீசுக்குக் கிடையாது. ஆக, நேற்று மத்தியானம் சேர்ந்த சரக்கு திரையில் இன்று சேரும். எந்த நேரத்தில் தட்டுகிறோமோ அதுதான் சேர்ந்த நேரம். பின்தேதி போட அந்த சாஃப்ட்வேரில் வழி கிடையாது. எங்கள் பெயருக்கு நேரே சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

ராகவன் சாரிடம் போனேன். "போன்ல சொன்னதை வெச்சு எழுதச் சொல்றீங்களா? நாளைக்கு அவன் வரலைன்னு சொன்னா நீங்க கோர்ட்டுக்குப் போவீங்களா?" என்றார். எம்.டி.யிடம் போனேன். அவர் என்னையும் பார்த்தார், ராகவன் சார் அறைக் கதவையும் பார்த்தார். "அவரு சொல்றதும் சரியாத்தானே இருக்குது" என்றார். அந்த சாஃப்ட்வேர் பையனுக்குப் போன் பண்ணினேன். பின்தேதி போடுவது பெரிய மாற்றம், தனியாகக் காசு ஆகும், கொட்டேஷன் அனுப்புகிறேன் என்றான். கடைசியில் ஷைலஜா மேடத்தையே கேட்டேன்: "உங்க கேட்ல சரக்கு இறங்கிடுச்சுன்னு உங்களுக்கே தெரியுமே மேடம், உங்க பக்கத்துலயிருந்து மாத்த முடியாதா?"

"நாங்க பார்க்க மட்டும்தான் முடியும் சார். உங்க பீடிங் இப்ப என் ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கு, ஆனா எங்களுக்கு மேலே இருக்கறவங்க ஜன்னல் வழியா பார்க்க மாட்டாங்க."

பக்கத்து நாற்காலி

வருஷக் கடைசியில் கஸ்டமர் கம்பெனியில் கூட்டம். எம்.டி.யும் நானும் போனோம். சரக்குக் கொடுக்கிறவர்கள் எல்லோரையும் ஏசி ஹாலில் உட்காரவைத்து, சுவரில் படம் போட்டார்கள். எங்கள் பெயர் வந்தது. சுவரே சிவந்தது. கோட்டுப் போட்ட ஒருவர், "ஓசூர் இவ்வளவு பக்கம், ஆனாலும் இவ்வளவு லேட்" என்று இங்கிலீஷில் வருத்தப்பட்டார். நான் எழுந்து, அவர்கள் கேட்டில் இருக்கும் பதிவைப் பார்த்தால் ஒரு லோடுகூட லேட் இல்லை என்று அதே இங்கிலீஷில் சொன்னேன். அவர் சிரித்து, டேட்டாவை வைத்துத்தான் பேச முடியும் என்றார். கேட்டில் எழுதியது டேட்டா இல்லையாம். எம்.டி. என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அடுத்து இன்னொரு பீடிங் கம்பெனி. அதே ஓசூர், எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி. அவர்கள் வண்டி பாதி நாள் அத்திப்பள்ளி வரிசையில் டயர் பஞ்சராகி நிற்பதை கிருஷ்ணப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். சுவரில் ஒரு பொட்டுச் சிவப்பில்லை, வயல் மாதிரிப் பச்சை. அவர்களுடைய டெஸ்பாட்ச் ஆள் என் பக்கத்து நாற்காலி. டீ இடைவேளையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், எப்படி என்று. அவர் பிஸ்கட்டை நனைத்து வாயில் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷர், ஒளிக்கவே இல்லை.

"வண்டி நம்ம கேட்டைத் தாண்டினதும் சேர்ந்ததுன்னு தட்டிடுவேன் சார். எப்படியும் போய்ச் சேரத்தானே போகுது, அதை ஏன் நாளைக்குத் தட்டணும்?"

ரெண்டாம் ஷிப்ட்

ஆர்டர் ரெண்டு தெரு தள்ளிப் போனது. எம்.டி. கெட்டவர் இல்லை, ஒரு மாதம் இழுத்துப் பார்த்தார். பிறகு ரெண்டாம் ஷிப்டை நிறுத்துவது என்று முடிவானது. சொல்லும் வேலை என்னிடம் வந்தது. "நீங்கதான் பக்குவமா பேசுவீங்க" என்றார். ராகவன் சார் அன்று லீவு.

ரெண்டாம் ஷிப்டில் பேக்கிங் பார்த்தவர்களுக்கு மாரிச்சாமிதான் மூத்தவர். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். குடும்பத்தோடு வந்து, பேட்டைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். அவரை நம்பி அவருடைய மச்சினனும் அதே ஊர்க்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். ஷிப்ட் தொடங்குவதற்கு முன் எல்லோரும் பேக்கிங் மேஜையைச் சுற்றி நின்றார்கள். நான் திரை, சிவப்பு, பச்சை எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்க விளக்க, ஒரு பைத்தியக்காரன் கதை சொல்கிற மாதிரி எனக்கே கேட்டது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? நாங்க கட்டுன கட்டு எதுவும் திரும்பி வந்துச்சா?"

"இல்ல மாரிச்சாமி."

"கொறயுதுன்னாவது சொன்னாகளா?"

"இல்ல."

"நேரத்துக்குப் போவலியா?"

"போச்சு. எல்லாமே நேரத்துக்குப் போச்சு."

மச்சினன் என்னவோ கெட்ட வார்த்தையில் முனகினான். மாரிச்சாமி அவனை ஒரு பார்வையில் அடக்கினார். கையில் இருந்த டேப்பை மேஜைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழப்போனது. பிடித்து மறுபடி நேராக வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிண்டல் மாதிரியும் இல்லாமல், உண்மையாகவே கேட்கிற மாதிரியும் இல்லாமல் ஒரு குரலில் கேட்டார்.

"அப்ப அந்தப் பொட்டியில தட்டிப் பாத்து இதையும் சொல்லிருங்க அண்ணாச்சி, புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு நாங்க இனிமே எந்த ஊருல போயிச் சேருவோம்?"

இந்தத் தொழிலில் இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு ஒரு சீல் கிடைக்கும், சேர்ந்துவிட்டது என்று முந்திச் சொன்னவனுக்கு ஆர்டர் கிடைக்கும்.