யார் பார்ப்பார்கள் இந்த மேட்ச்சை?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் உட்கார்ந்து ஃபுட்பால் மேட்ச் பார்த்தேன்.

எனக்கு ஃபுட்பாலில் ஒரு இழவும் தெரியாது. கோல் விழுந்தால் கை தட்டுவேன் – எந்தப் பக்கம் விழுந்தாலும். அப்படிப்பட்ட ஆசாமிக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? சொல்கிறேன். ஆனால் ஒன்று... வழக்கம்போல் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிற வாரம் இல்லை இது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேஸ் கோர்ஸில் காலையில் என்னோடு நடக்கிற நண்பர் ஒருவர். சிவராஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்தில் தொண்டாமுத்தூரில் தோட்டம் மட்டும்தான். இவர் தலையெடுத்து கணபதியில் பம்ப் செட் ஃபேக்டரி போட்டார். நல்ல மனிதர். நடக்கும்போது சர்க்கரையையும் கரண்ட் கட்டையும் தவிர வேறெதுவும் பேச மாட்டார்.

அவர் ஒரு நாள் திடீரென்று, "ஏனுங்க, டி.வி.ல எந்த மேட்ச்சப் போடறதுன்னு யாருங்க முடிவு பண்றாங்க?" என்று கேட்டார்.

டி.வி.க்காரர்கள்தான், வேறு யார் என்றேன். "இல்லீங்க, இந்தத் தடவை நானாமா" என்றார், ஏதோ பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டுவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

விஷயம் இதுதான். இப்போது சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடுகிற டீம்களுக்கு என்று அகில இந்தியப் போட்டி ஒன்று நடக்கிறது அல்லவா? ஊர் ஊராக ஆட்டம் நடக்கும். அதில் வாரத்துக்கு ஒன்றை எடுத்து, ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஒரு தனியார் சேனல் காட்டுகிறது. தென்னாட்டுக்கு நம் நண்பரின் பம்ப் செட்தான் ஸ்பான்சர். அதற்கு மரியாதையாக, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்த மேட்ச் என்பதை அவரே சொல்லலாமாம். அதைக் கேட்டுப் போக சென்னையிலிருந்து விளம்பரக் கம்பெனி ஆள் வருகிறார், நீங்களும் வந்து உட்காருங்கள் என்றார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள்!

போனேன். வந்திருந்த பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் டை. படபடவென்று பேச்சு. நானும் சும்மா இருக்காமல், இத்தனை மேட்ச்சில் ஒன்றை எப்படித் தம்பி பொறுக்குகிறீர்கள் என்று வாயைக் கிளறினேன்.

அவர் சொன்னதைக் கேட்டால் நீங்களும் அசந்துபோவீர்கள். முதலில் பார்ப்பது ஆட்டத்தை அல்ல... விளக்கை! பாதி மைதானங்களில் விளக்கு கிடையாது. சூரியன் இருக்கும்போதே ஆடி முடித்துவிட வேண்டும். ஆக, அந்த டீம்கள் எல்லாம் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் ஏழு மணிக்கு லாயக்கில்லை. அப்புறம் வேன். கேமரா, ஆட்கள், ஒயர் சகலத்தையும் ஏற்றிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போக வேண்டும். போன வாரம் நின்ற இடத்திலிருந்து இந்த வாரம் போய்ச் சேருகிற தூரமா என்று பார்ப்பார்கள். அப்புறம் பெயர். கல்கத்தாவின் பழைய டீம்கள் தோற்றுக்கொண்டே இருந்தாலும் ஜனம் பார்க்கும். அப்புறம் கிரிக்கெட்... அது எங்காவது நடந்தால் ஃபுட்பால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். நம் பக்கத்தில் கூடுதலாக ஞாயிற்றுக்கிழமை சினிமா வேறு.

"நல்ல மேட்ச்சா என்று எப்போதுதான் பார்ப்பீர்கள்?" என்றேன்.

"அது ஆடி முடிச்சப்புறம்தானே சார் தெரியும்?" என்றார். நியாயம்தான்.

அந்த ஞாயிறுக்கு விளக்குள்ள மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள். ஒன்றில் கல்கத்தாவின் பெரிய டீம். அதைத்தான் எடுப்போம் என்று அவர் முடிவு கட்டியே வந்திருந்தார். இன்னொன்று, பம்பாயில் ஒரு கம்பெனி டீமும் அதே மாதிரி இன்னொரு நோஞ்சான் டீமும் மோதுவது. சிவராஜ் அதன்மேல் விரலை வைத்தார்.

பையனுக்குப் பகீரென்றது. "யார் சார் பார்ப்பா இதை? உங்க டீலர்களே சேனலை மாத்திடுவாங்க சார்."

சிவராஜ் நிதானமாகச் சொன்னார். "எங்க தோட்டத்துல ஒருத்தரு பாப்பாருங்க."

அந்த ஒருத்தர் மாசிலாமணி. தலைமுறை தலைமுறையாக சிவராஜ் குடும்பத்துத் தோட்டத்தில் பாடுபட்ட குடும்பம். மாசிலாமணி இன்றைக்கும் அங்கேதான் தென்னைக்குத் தண்ணீர் கட்டுகிறார். மனைவி எஸ்தர். ஒரே மகன் ஞானராஜ். மிஷன் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். படிப்போடு பந்தும் வந்தது. அந்தப் பந்தே அவனைப் பம்பாய் வரைக்கும் கொண்டுபோய், சம்பளம் கொடுத்து ஆட வைத்திருக்கிறது. பந்தை உதைக்கிறதுக்கு யாராவது சம்பளம் தருவார்களா என்று மாசிலாமணி நெடுநாள் நம்பவில்லையாம்.

மகன் ஆடி அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஹாஸ்டலில் ஆடினபோது இவருக்குத் தோட்டத்தில் வேலை. இப்போது அவன் ஆடுவதெல்லாம் தூரதேசம். டி.வி.யிலோ அந்த டீமைக் காட்டுவதே இல்லை.

இதற்கு நடுவே மாசிலாமணிக்குச் சர்க்கரை கண்ணைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. ஒரு கண் போயே போய்விட்டது. இன்னொன்றில், கையெட்டுகிற தூரத்தில் இருப்பது தெரியும். அதற்கு மேல் எல்லாம் புகை. சிவராஜ்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். போன பார்வை திரும்பாது, இருப்பதும் இன்னும் கொஞ்ச மாசம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பி வருகிற வழியில் காரில் மாசிலாமணி கேட்டது ஒன்றே ஒன்று. "ஏனுங்க பண்ணாடி, அந்தப் பந்து வெளையாட்டு டி.வி.ல வருமாமுங்களா?" பண்ணாடி என்றால் அந்தப் பக்கத்தில் தோட்டத்துக்காரர். எனக்கு இதைக் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. வருமா என்றுதான் கேட்டார். அந்த மண்ணில் அதற்கு மேல் ஒரு கெஞ்சல் கிடையாது. சிவராஜுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லையாம்.

இதைச் சொல்லி முடித்ததும் டை கட்டின பையன் டைரியை எடுத்தார். அந்த மேட்ச்தான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்கு சிவராஜை நினைத்துப் பெருமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாசிலாமணி வீட்டுப் பக்கம் இன்னும் கேபிள் ஒயர் போகவில்லை. ஆகையால் தோட்டத்து வீட்டில்தான் பார்ப்பது என்று ஏற்பாடு. அங்கே டிஷ் இருக்கிறது. பெரிய கலர் டி.வி. இருக்கிறது. டீலர்கள் நாலைந்து பேரையும் சிவராஜ் கூப்பிட்டிருந்தார். சோபாவில் உட்கார்ந்து சுடச்சுட போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஏழு மணி ஆயிற்று. மேட்ச் வரவில்லை. எந்த நாட்டிலோ நடந்த கிரிக்கெட் இழுத்துக்கொண்டே போனது. முடிந்த பிறகும் விடவில்லை. பரிசு கொடுக்கிறார்கள், கை குலுக்குகிறார்கள், மறுபடி கை குலுக்குகிறார்கள்... போதும், இறங்கித் தொலையுங்களய்யா என்று எனக்கு நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒருவேளை ஃபுட்பாலையே ரத்து செய்துவிடுவார்களோ என்று சிவராஜ் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். வெளுத்த வேட்டியும் சட்டையுமாக மாசிலாமணி. பக்கத்தில் எஸ்தர், உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வராந்தாத் தூணை ஒட்டி நின்றார்கள். டி.வி.யோ கூடத்தின் அந்தக் கோடியில். கையெட்டுகிற தூரமா அது?

"உள்ள வாங்க மாசிலாமணி" என்றார் சிவராஜ். அவருடைய அப்பா இதே மனிதரை 'டேய்' என்றுதான் கூப்பிடுவாராம். இவர் காலத்தில் 'வாங்க' வந்திருக்கிறது.

"இருக்கட்டுங்க பண்ணாடி. இங்கிருந்தே நல்லாத் தெரியுதுங்க."

என்ன தெரியும்? அந்தக் கண்ணுக்கு அங்கிருந்து டி.வி. இருக்கும் திசை தெரிந்தாலே பெரிசு. சிவராஜ் இன்னொரு தடவை கூப்பிட்டார். நான் எழுந்து போய், என் பக்கத்தில் இடம் இருக்கிறது, வாருங்கள் என்றேன். மனிதர் சிரித்தார். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. டீலர்கள் போண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மனிதனை உள்ளே கூப்பிடுவது வேறு, உள்ளே அழைத்து வருவது வேறு. கூப்பிட வாய் போதும். அழைத்து வர, நமக்கு முன்னால் இருந்தவர்கள் செய்து வைத்ததையெல்லாம் சேர்த்துத் தூக்க வேண்டும். அதைச் சோபாவில் உட்கார்ந்தபடி தூக்க முடியுமா?

டி.வி.யில் ஒரு வழியாகப் பச்சை மைதானம் வந்தது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாசலில் அந்த மனிதர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறார். பக்கத்தில் எஸ்தர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: வந்துட்டாங்க... நீலச் சட்டை... நம்ம பையன் எங்கீன்னு தெரியலீங்க...

சிவராஜால் தாங்க முடியவில்லை. சட்டென்று எழுந்தார். டிரைவரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக டி.வி.யை ஸ்டாண்டோடு தள்ளிக்கொண்டு போய், நிலைப்படி ஓரமாக வெளியே பார்த்துத் திருப்பி வைத்தார்கள். ஒயர் விறைத்துக்கொண்டு நின்றது. படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தது, பரவாயில்லை. உள்ளே இருந்த எங்களுக்கு டி.வி.யின் முதுகுதான் தெரிந்தது. டீலர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். எல்லோருக்கும் வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். மாசிலாமணிக்கும் ஒன்று போட்டார்கள்.

அவர் அதைத் தொடவில்லை. நாற்காலிகளைத் தாண்டி முன்னால் போய், டி.வி.க்கு ஒரு கை தூரத்தில், வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அங்கே அவருக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. சட்டை நம்பரை எஸ்தர் சொல்லச் சொல்ல, டி.வி. கண்ணாடிமேல் விரலை வைத்து, "இவனா? இவனா?" என்று துரத்திக்கொண்டே போனார். ஞானராஜ் பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவன். கேமரா பந்து போகிற இடத்துக்குப் போகும், கோல் போடுகிறவனுக்குப் போகும். தடுக்கிறவன் முகத்தை எதற்குக் காட்டப் போகிறார்கள்?

காட்டினார்கள். யாரையோ இடறிவிட்டான் என்று ரெஃப்ரி மஞ்சள் அட்டையை நீட்டினபோது, திரை முழுக்க ஞானராஜ். வியர்வை வழிகிற முகம். அட்டை நீட்டினவரை நேருக்கு நேர் பார்த்து, நான் தொடவே இல்லை என்று கையை விரித்து ஏதோ வாதாடுகிறான்.

மாசிலாமணியின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"ஏம்புள்ள, மொகத்தப் பாத்துப் பேசறான் பாரு" என்றார் மனைவியிடம். பயந்துபோய்ச் சொன்னாரா, பூரித்துப்போய்ச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. துடைத்தால் அந்த நேரத்தில் மகன் போய்விடுவானோ என்று துடைக்காமலே பார்த்தார். சிவராஜ் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஆட்டம் கோலே விழாமல் முடிந்தது. யாரும் பார்க்காத மேட்ச் என்று அந்த டை கட்டின பையன் சொன்னது சரியாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அப்பா பார்த்துவிட்டார். எல்லோருக்கும் மனசு நிறைந்திருந்தது. இதோடு நான் பேனாவை மூடியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. பம்பாயிலிருந்து ஞானராஜ். ஃபோனும் நடமாடும் ரகம்தான். கார்ட்லெஸ். சிவராஜே எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து, தரையில் உட்கார்ந்திருந்தவர் கையில் கொடுத்தார். பையனுக்கு மைதானத்துக் குரல். பக்கத்தில் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது.

"அப்பா, பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு. உன்ற மொகத்தயே பாத்தேன்."

எப்படி ஆடினேன் என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"எங்கீங்கப்பா உக்காந்து பாத்தீங்க?"

மாசிலாமணி ஒரு விநாடி தயங்கினார். "எல்லாருக்கும் முன்னாலதான் கண்ணு."

"சேர்லீங்களாப்பா?"

சிவராஜ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நானும்தான். வராந்தாவில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது.

"என்ன கண்ணு? ஒண்ணுங் கேக்கலியே... சத்தமாப் பேசு சாமி" என்றார் மாசிலாமணி.

அவருக்குக் கண்தான் பழுது. காதில் ஒரு குறையும் கிடையாது.