உள்வெளியாக ஒட்டிய பெட்டி

வெடிபொருள் அடைத்திருந்த பெட்டியை வேறு எந்தப் பொருளையும் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. பழைய பெட்டிகளை அந்தந்த ஆலையிலேயே கிழித்து அழித்துவிட வேண்டும். இந்த விதியை ஆண்டுதோறும் சீசன் தொடங்குமுன் சுற்றறிக்கையாக எழுதி, மாவட்டத்திலுள்ள பட்டாசுக் கம்பெனிகளுக்கெல்லாம் அனுப்புகிற இருக்கையில் நான் நீண்ட காலம் உட்கார்ந்திருந்தேன். கம்பெனிக்காரர்கள் கண்டுகொண்டோம் என்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கையெழுத்துத் தாள்களை நாங்கள் பட்டாசுப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தோம். அலமாரி கேட்டு எழுதிய கோப்பு நான் ஓய்வுபெற்ற நாளிலும் நிலுவையில்தான் இருந்தது.

ஆகவே, என் மகள் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனபோது நடந்ததை, விதி தெரியாமல் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

எங்களுடையது விருதுநகர் பஜாரில் வத்தல் வியாபாரம் செய்த குடும்பம். கடையை விட்டு அரசாங்க நாற்காலிக்குப் போன முதல் ஆள் நான். படிப்பதற்காகக் கடல் தாண்டிய முதல் ஆள் அவள். அவளுக்கு ஒரு சூட்கேசும் ஒரு பெட்டியும் கொண்டுபோக அனுமதி இருந்தது. பெட்டிக்கு என்ன செய்வது என்று வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. சிவகாசியைச் சுற்றி முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் பெட்டி என்றால் ஒரே பொருள்தான். என் மைத்துனர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றி அனுப்பும் பொறுப்பில் இருந்தார். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பெரிய பெட்டியை நிறுத்திக்கொண்டு, பாதை தெரியாமல் எட்டி எட்டிப் பார்த்தபடி வந்து சேர்ந்தார்.

"மச்சான், இத மாதிரி அட்டை காசு குடுத்தாலும் கெடைக்காது. நீங்க மேல ஏறி நின்னு பாருங்க, அமுங்குதான்னு சொல்லுங்க."

பெட்டியின் நாலு பக்கமும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒட்டகச்சிவிங்கி வாயில் ராக்கெட்டைக் கவ்விக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே, இன்னது உள்ளே இருக்கிறது, தீயிடமிருந்து தள்ளி வை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை அப்படியே விமான நிலையத்துக்குக் கொண்டுபோக நான் ஒன்றும் விவரமில்லாதவன் அல்ல. அதற்கு எங்கள் ஊர் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. பெட்டியின் ஒட்டுவாயைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, திரும்ப ஒட்டிவிட வேண்டும். படமும் எழுத்தும் உள்ளே போய்விடும். வெளியே வெறும் பழுப்பு அட்டை. சென்னைக்குச் சீர் அனுப்புவதும் கல்லூரி விடுதிக்குப் பண்டம் அனுப்புவதும் இங்கே அப்படித்தான். பசை காய்ச்சி நானே ஒட்டினேன். விளிம்புகள் நேராக வந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கம்பளி, ஸ்வெட்டர், குக்கர், மோர் வத்தல், பருப்புப் பொடி எல்லாம் அதற்குள் போயின. எல்லாவற்றுக்கும் நடுவில், துணி உறையில் வைத்து அரக்கு முத்திரையிட்டு, அவளுடைய அசல் சான்றிதழ்களையும் வைத்தேன்.

"சர்டிபிகேட்ட அவ கைப்பையில வைங்க," என்றாள் என் மனைவி.

"நடுவுல ஏர்போர்ட்டுல எட்டு மணி நேரம் ஒக்காரணும். அசந்து தூங்குனா கைப்பைதான் மொதல்ல போகும். அவ கையில சான்றொப்பம் வாங்குன நகல் மூணு செட் இருக்கு. அது போதும்."

"ஒங்க ஆபீசுக்குப் போதும்."

அந்த வாக்கியத்தை அப்போதே பரிசீலித்திருக்கலாம்.

மறுநாள் மதியம் சோற்றில் கை வைத்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. அங்கே அப்போது காலை.

"அத்தா, சூட்கேஸ் வந்திருச்சு. பெட்டி வரல."

"பொருள் வரவில்லைன்னு எழுதிக்கொடுக்க ஒரு படிவம் இருக்கும். கேட்டு வாங்கும்மா."

"அதெல்லாம் இல்லத்தா. பெட்டி வந்திருக்கு. பிடிச்சு வச்சிருக்காக. மேல பஞ்சு மாதிரி ஒண்ண வச்சுத் தொடச்சு மெசின்ல காட்டுனாகளாம். மெசின் கத்திருச்சாம். பெறகு திறந்து பாத்திருக்காக. உள்ள ஒட்டகச்சிவிங்கி."

என் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

"என்ன கேட்டாக?"

"ஏன் மறைச்சு வச்சன்னு கேட்டாக."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனியில் எத்தனையோ நாள் மருந்துத் தூசி படிந்து கிடந்தது பெட்டியின் உள்பக்கத்தில். அந்தப் பக்கத்தை வெளியே காட்டிவிட்டு, இது பட்டாசு என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் பக்கத்தை உள்ளே மறைத்திருக்கிறேன். கடத்தல்காரன்கூட இதைவிட யோசனையோடு செய்திருப்பான்.

பல்கலைக்கழகத்தில் அசல் சான்றிதழ்களைக் காட்ட இரண்டு வாரம் கெடு. காட்டாவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். சான்றொப்பம் வாங்கிய என் மூன்று செட் நகல்களையும் அங்கிருந்த பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முத்திரை அழகாக இருக்கிறது என்றாளாம்.

அந்த முதல் நாட்களை என் மகள் வாழ்ந்தது அங்கே. நான் வாழ்ந்தது சமையலறை வாசலில், போன் சார்ஜர் எட்டுகிற தூரத்தில். மேஜைக் கடிகாரத்தை அவள் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டேன். அது எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளைகளைக் குழப்பியது பற்றி மனைவிக்குத் தனிக் கருத்து இருந்தது. தினமும் ஐந்தாறு முறை அழைப்பாள். கம்பளி பெட்டியில் இருந்ததால், பக்கத்து அறைப் பெண் கொடுத்த விரிப்பின்மேல் தன் துப்பட்டாக்களையெல்லாம் போட்டு மூடிக்கொண்டு படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை என்று சொன்னபோது, பெரிய தலைவர் யாராவது இறந்துவிட்டாரா என்று விசாரித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தானாம். அன்று முழுக்க வாழைப்பழமும் ரொட்டியும்.

ஒருநாள் கோபத்தோடு பேசினாள். "ரோட்டுல இந்தக் கடைசிலருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரு வண்டி இல்லத்தா. நான் தாண்டிட்டேன். செவப்பு லைட்டு எரியுதுன்னு ஒரு பொம்பள நின்னு கத்துது."

"அவுக கத்துனது சரிதானம்மா."

"நீங்க இங்கதான் பொறந்திருக்கணும்."

போனில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "அங்கயும் ஒங்க அத்தா மாதிரி ஒரு ஆளு இருக்குன்னு சொல்லு, நான் நிம்மதியா இருப்பேன்," என்றாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் டிராமிலும் பஸ்ஸிலுமாகப் போய், பெட்டியைப் பிடித்து வைத்திருந்த விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தாள். அந்த ஊரில் அவள் முதலில் கற்ற வழி வகுப்பறைக்கு அல்ல, அங்கேதான். அங்கிருந்த சுங்க அதிகாரி மரியாதையானவர், நாற்காலி போட்டுப் பேசுகிறவர். ஆனால் கேள்வி ஒன்றேதான்: படிக்க வருகிற பெண்ணுக்கு வெடிமருந்துப் பெட்டி எங்கிருந்து கிடைத்தது? எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் என்று இவள் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்ட விதம் இவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சுங்க அலுவலகத்துக்கு நான் மனு தயாரிக்க உட்கார்ந்தேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி வைத்து ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். எழுதி முடித்ததும் மனைவி படிக்கச் சொன்னாள். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சூழ்நிலை காரணமாக, வழக்கத்தையொட்டி, பெட்டி மறுபடி ஒட்டப்பட நேர்ந்தது என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"யாரு ஒட்டுனது? ஜின்னு வந்து ஒட்டுச்சா?"

"அப்பிடித்தான் எழுதணும். எழுத்துல ஒத்துக்கிட்டா நாளைக்கு நம்ம மேலேயே திரும்பும்."

"இப்ப அது எம்பிள்ள மேலல்ல திரும்பியிருக்கு?"

அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது, பொறுப்பை ஒருபோதும் கையெழுத்துக்கு மேலே எழுதாதே என்பது. பணிக்காலம் முழுக்க அதைக் காப்பாற்றியிருக்கிறேன். அன்று அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு அரைப் பக்கம் எழுதினேன். பெட்டியை வாங்கியது நான், திருப்பி ஒட்டியது நான், கூடாது என்ற விதி எனக்குத் தெரியும், என் மகளுக்கு இதில் எதுவும் தெரியாது. தலைமைத் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பினேன். மின்னஞ்சல் மனுவாகாது என்று நம்புகிற தலைமுறை நான்.

நான் தபால் நிலையத்தில் நின்ற நேரத்தில் என் மனைவி போனைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருக்கிறாள். வீடியோ எடுத்தபடியே பஜார் வரை நடந்திருக்கிறாள். அதைப் பிறகுதான் பார்த்தேன். டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் பட்டாசுப் பெட்டியில். தையல்கடையில் வெட்டுத்துணி பட்டாசுப் பெட்டியில். ஜெராக்ஸ் கடையில் தாள், கோழிக்கடையில் முட்டை, பள்ளிவாசல் வாசலில், அடைத்திருந்த மாவு தீர்ந்ததும் மடித்து வைத்த பட்டாசுப் பெட்டிகள். பின்னணியில் அவள் குரல்:

"பாருங்க ஆபீசர். இது எங்க பக்கத்து வீடு. அரிசி இதுலதான் இருக்கு. ஏத்தா, அந்த மூடியத் தூக்கிக் காட்டு, வெக்கப்படாத. இது எங்க வீட்டுப் பூன. குட்டி போட்டிருக்கு. மூணு குட்டி. அதே ஒட்டகச்சிவிங்கிதான், நல்லாப் பாத்துக்கங்க."

சான்றொப்பம் இல்லை, தேதி இல்லை, எடுத்தவர் பெயர் இல்லை. இதை ஓர் ஆவணமாக எந்த அலுவலகமும் ஏற்காது என்று சொன்னேன். என் மகள் அதை அந்த அதிகாரியின் மேஜையில் வைத்துப் போட்டுக் காட்டி, அம்மா சொன்னதை வரிக்கு வரி மொழிபெயர்த்திருக்கிறாள். பூனைக்குட்டிகள் வந்தபோது அவர் போனை வாங்கி, பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டியிருக்கிறார். ஒன்பதாம் நாள் பெட்டி கைக்கு வந்தது. மோர் வத்தலை மட்டும் என்ன தாவரம் என்று கேட்டு எடுத்துவைத்துக்கொண்டார்கள்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு அசலைக் காட்டினாள். ஆனால் முதல் நாளே சுங்கத்தில் அவள் பெயரில் ஒரு குறிப்பு எழுதப்பட்டு மேலிடத்துக்குப் போயிருந்தது. அது தீரும் வரை அவளுடைய சேர்க்கை தற்காலிகம் என்றார்கள். அவளுக்கு அது ஒரு சாதாரணச் சொல். எனக்கு அப்படியல்ல. தற்காலிகமாகச் சேர்ந்து, தற்காலிகமாகவே ஓய்வுபெற்றவர்களுக்கு நான் பிரிவுபசாரம் நடத்தியிருக்கிறேன்.

மாதங்கள் போயின. அவள் வகுப்புக்குப் போனாள், பனியைப் பார்த்தாள், அந்த ஊர்ப் பாஷையில் கோபப்படக் கற்றாள். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே, ஒன்றுமில்லை என்று தூரத்திலிருந்து தலையாட்டிவிடுவார்.

இப்போது அவள் படித்து முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டாள். வாரம் ஒருமுறை அழைக்கிறாள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, கேட்பதற்கு ஒன்றுமில்லை. மேஜைக் கடிகாரத்தை மட்டும் நான் இன்னும் திருப்பி வைக்கவில்லை. அது மதியத்தில் காலை எட்டரையைக் காட்டும்போது, துப்பட்டாக்களைப் போர்த்திக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்து, "அத்தா, இன்னைக்கு எந்த ஆபீசுக்குப் போகணும்?" என்று கேட்ட குரல் காதில் விழுகிறது. நான் சொன்ன யோசனைகளில் ஒன்றுகூட அங்கே பலிக்கவில்லை. இருந்தும் அவள் தினமும் கேட்டாள். அந்தப் பெட்டியை அவள் தூக்கிப் போடவில்லை. இப்போது ஒட்டகச்சிவிங்கி வெளியே தெரியும்படி திருப்பி ஒட்டி, கட்டிலோரம் விளக்கு வைக்கும் மேஜையாக வைத்திருக்கிறாள். வீடியோவில் அது அவள் தோளுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு எட்டிப் பார்க்கும்.

என் அரைப் பக்கக் கடிதத்துக்குப் பதில் வந்தது அவளுடைய முதல் பனிக்காலம் முடிகிற நேரத்தில். அன்று அம்மன் கோவிலுக்குப் பொங்கல் திருவிழா சாட்டியிருந்தார்கள், தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். தபால்காரர் தலையாட்டாமல் நேரே வாசலுக்கு வந்தார். உறையில் ஒற்றைத் தாள். தங்கள் கடிதம் கிடைத்தது. பெட்டியைத் திருப்பி ஒட்டியவர் தாங்களே என்பதைப் பதிவு செய்துகொண்டோம். மாணவியின் பெயரிலிருந்த குறிப்பு நீக்கப்பட்டு, பல்கலைக்கழகத்துக்கும் தெரிவிக்கப்பட்டுள்ளது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் மனைவி.

"நான்தான் ஒட்டுனேன்னு போட்டிருக்கு."

"அதச் சொல்ல அவுகளுக்கு இம்புட்டு நாளாச்சா?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி மகளை அழைக்கப் போனைத் தேடினாள்.

நான் பேனாவை எடுத்து, பழைய பழக்கத்தில் தாளின் இடது மூலையில் சுருக்கொப்பம் போட்டு எழுதினேன்: பெறப்பட்டது, பங்குனி பத்து, செவ்வாய்க்கிழமை.