கோட் போட்டுக்கொண்டு 'வன்வன்' விற்ற கதை

நேற்று சான் ஹோசேயில் ஒரு ஜப்பானியக் கடைக்காரரிடம் குழந்தை பாஷையில் வியாபாரம் பேசிவிட்டு வந்தேன்!

(வேண்டுமென்று இல்லை.)

நாய், பூனை படுக்கிற மெத்தைகளை இறக்குமதி செய்து கடைகளுக்குப் போடுவது என் தொழில்.

அந்தக் கடைக்காரர் கென்ஜி சானுக்குச் ('சான்' என்றால் நம்ம 'சார்' மாதிரி) செல்லப்பிராணிக் கடைகள் மூன்று. அவர் ஆர்டர் கொடுத்தால்தான், என் குடோனில் ஆறு மாதமாகத் தூங்கும் மெத்தைகள் நகரும்.

ஜப்பானிய மொழியில் நாலு வார்த்தை எடுத்துவிட்டால் மனுஷன் உருகிவிடுவார் என்று நினைத்தேன்.

டியூஷன்? வீட்டிலேயே இருக்கிறதே! என் நாலு வயது மகள் யாழினி போகிற டேகேரை நடத்துவது ஒரு ஜப்பானிய ஆன்ட்டி. அங்கே கற்றதை அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

மனைவி அப்போதே எச்சரித்தாள். "ஏங்க, பேசாம இங்கிலீஷ்லயே பேசிட்டு வாங்க. வம்பு வேணாம்."

கேட்டேனா?

கோட் போட்டு, குனிந்து வணங்கி, மெத்தையைத் தட்டிக் காட்டி ஆரம்பித்தேன்.

"இது வன்வனுக்கு. இது ந்யான்ந்யானுக்கு. ரெண்டையும் வாஷ் பண்ணலாம்!"

கல்லாவில் இருந்த பெண் சட்டென்று மேஜைக்கு அடியில் எதையோ தேடப் போய்விட்டாள்.

கென்ஜி சான் முகத்தில் அசைவே இல்லை. ஆங்கிலத்தில் விசாரித்தார் (உங்களுக்காகத் தமிழில்).

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"என் பொண்ணு."

"வயசு?"

"நாலு."

"அதானே பார்த்தேன்! நாய்க்கு 'இனு', பூனைக்கு 'நெகோ'. நீங்க சொன்னது பாப்பாங்க சொல்றது. நாய் வன்வன்னு குரைக்கும், பூனை ந்யான்னு கத்தும். அதையே பேரா வெச்சுட்டாங்க."

"முயல் கத்தாதே சார், அதுக்கு?"

"குதிக்குமே! ப்யோன்ப்யோன்."

ஆர்டர் போச்சு என்று முடிவே செய்துவிட்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"எங்க ஊர்ல கா கான்னு கத்துறதை நாங்க காக்கான்னுதான் சார் சொல்வோம். பாப்பா மட்டும் இல்ல, கலெக்டரும் அப்படித்தான்!"

மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்!

"சரி, அனுப்புங்க. லேபிள்ல வன்வன், ந்யான்ந்யான்னே போடுங்க. பிள்ளைங்களே அம்மா அப்பாவை இழுத்துட்டு வந்துடும்."

"ப்யோன்ப்யோனுக்கும் மெத்தை இருக்கு சார்!"

(இல்லை. பூனை மெத்தையில் சின்ன சைஸ். அதையும் சொல்லித்தான் விற்றேன்.)

வீட்டுக்கு வந்ததும் என் டீச்சரம்மா யாழினியைப் பிடித்தேன்.

"ஏண்டி, நாய்க்கு இனுன்னு நீ ஏன் சொல்லவே இல்ல?"

பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ஐ நோ இனு, அப்பா. பட் இன் ஜாப்பனீஸ், யூ ஆர் ஸ்டில் எ பேபி!"