வாசலில் ஒரு சின்னக் கதிரை

அந்த ரீச்சர் சேலைக்குச் சப்பாத்துப் போட்டு, வகுப்பறைக் கதவுகளின் திறப்புக் கோர்வையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தன் வீட்டுக் கராஜில் நாலு பிள்ளைகளோடு அவர் தொடங்கிய இலவசத் தமிழ்ப் பள்ளிக்கூடம், இன்று பிளாக்டவுனில் சனிக்கிழமைகளில் ஒன்பது வகுப்பறைகளில் நடக்கிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் அங்கே மேசை கதிரை அடுக்குகிறேன்.

ஒரு கதிரையை மட்டும் என்னைத் தொடவிடமாட்டார். பாலர் வகுப்பின் குட்டி நீலக் கதிரை அது. அவரே அதைக் கொண்டுவந்து அலுவலக வாசலில் வைப்பார். ஒருவரையும் அதில் இருக்க விடமாட்டார். ஏனென்று கேட்க எனக்குக் கூச்சம்.

போன மாதம் ஒரு பெரியவர் பேரனைச் சேர்க்க வந்தார். முன்பு வேறொரு தமிழ்ப் பள்ளியின் அதிபராக இருந்தவர். ரீச்சரின் மகளுக்கு வாய் திக்குகிறது என்று சொல்லி, அவளைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பியவர். அந்தப் பள்ளி இப்போது இல்லை.

ரீச்சர் பேரனை உடனே வகுப்பில் விட்டார். பெரியவருக்குக் குட்டிக் கதிரையைக் காட்டினார்.

“இதில இருங்கோ அங்கிள். மணி அடிக்குமட்டும்.”

முழங்கால் நெஞ்சில் முட்ட, அவர் மூன்று மணித்தியாலம் இருந்தார்.

“பாவம் அவர், ரீச்சர்,” என்றேன்.

“நான் பிள்ளையோட அவரின்ர பள்ளி வாசலில இவ்வளவு நேரமும் நிண்டனான் அண்ணை. இருக்கச் சொல்லேல்லை.”

பள்ளி முடிந்ததும், “இனி இதைப் பாலர் வகுப்பிலேயே விடட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம். ஒவ்வொரு சனியும் பேரனோட வருவார்தானே.”

அந்தப் பேரனை ரீச்சர் இன்றுவரை ஒரு சொல் கடிந்ததில்லை. கதிரையை வாசலில் வைப்பதையும் நிறுத்தவில்லை.